சிசி குறைந்தால் மைலேஜ் கூடுமா? இராமேஸ்வரம் ரோட்டுக்கு ஒரு கணக்கு

தம்பி, தங்கச்சிமடத்திலிருந்து நீங்கள் கேட்டிருந்ததை இரண்டு முறை படித்தேன். அப்பா காலத்தில் 1489 சிசி (சிலிண்டர்களின் மொத்தக் கொள்ளளவு, 1000 சிசி என்றால் ஒரு லிட்டர்) அம்பாசடர் டீசல், அப்புறம் 1405 சிசி இண்டிகா டீசல். இப்போது அதுவும் ஓய்ந்துவிட்டது, யாத்திரிகர்களை ஏற்றி ஓட்டப் புது வண்டி எடுக்க வேண்டும். விற்பவர்கள் காற்றை அமுக்கித் தள்ளும் டர்போ வைத்த 1000 சிசி இன்ஜினைக் காட்டி, "சின்ன இன்ஜின், மைலேஜ் அள்ளும்" என்கிறார்கள். இன்ஜின் ஏன் வருஷா வருஷம் சின்னதாகிக்கொண்டே போகிறது, சிசி குறைந்தால் நிஜமாகவே எண்ணெய் மிச்சமா, நம்ம ரோட்டுக்கு எது சரி? இதுதான் கேள்வி. இராமநாதபுரத்தில் 28 வருஷமாக ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். இந்தக் கேள்வியோடு வருபவர்களுக்கு நின்றுகொண்டே அரைகுறையாகப் பதில் சொல்லி அனுப்பியிருக்கிறேன். இன்றைக்கு உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் உங்களுக்குத் தெரிந்த வண்டியிலிருந்து தொடங்குகிறேன். பொலிரோவில் ரொம்ப நாள் 2523 சிசி நாலு சிலிண்டர் டீசல் இன்ஜின் இருந்தது. 2016இல் அதே பொலிரோவை 4 மீட்டர் நீளத்துக்குள் அடக்கி, 1493 சிசி மூணு சிலிண்டர் இன்ஜினை வைத்தார்கள். ஒரு லிட்டருக்கும் மேலே குறைத்துவிட்டார்கள். டார்க், அதாவது சுழற்றும் பலம், எவ்வளவு குறைந்தது? ஒன்றும் குறையவில்லை. பழையதும் 195 நியூட்டன் மீட்டர், புதியதும் 195. குதிரைத்திறன் கொஞ்சம் கூடி 70 ஆனது. சரி, மைலேஜ் இரண்டு மடங்கு ஆகியிருக்க வேண்டுமே? ஆகவில்லை. லிட்டருக்கு ஏறத்தாழ 16 கிலோமீட்டர் என்றிருந்தது, கம்பெனிக் கணக்கிலேயே 16.5 ஆனது. இன்ஜின் நாற்பது சதவீதம் சின்னதாகியும் மைலேஜ் அரைக் கிலோமீட்டர்தான் கூடியிருக்கிறது. இந்த எண்களை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

ஒரு டன் எடையுள்ள கார், காற்று இல்லாத நேரத்தில், உச்சிப்புளி பக்கம் சமமான ரோட்டில் 80 கிலோமீட்டர் வேகத்தில் சீராகப் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைத் தள்ளிக்கொண்டு போக எவ்வளவு சக்தி வேண்டும்? டயர் உருளும் உராய்வு, முன்னால் காற்றைப் பிளக்கும் எதிர்ப்பு இரண்டையும் கூட்டினால் சுமார் 10 குதிரைத்திறன். அவ்வளவுதான். வண்டியில் இருப்பதோ 80, 90 குதிரைத்திறன். அதாவது பெரும்பாலான நேரம் இன்ஜின் தன் பலத்தில் எட்டில் ஒரு பங்கைக்கூடச் செலவழிக்காமல் ஓடிக்கொண்டிருக்கிறது. பெட்ரோல் இன்ஜின் இப்படி லேசாக ஓடும்போதுதான் எண்ணெயை அதிகம் வீணாக்கும்.

ஏன் என்று சொல்கிறேன். பெட்ரோல் இன்ஜினில் வேகத்தைக் குறைப்பது காற்று வரும் வழியை அடைத்துத்தான். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் த்ராட்டில் தகடு மூடிக்கொள்கிறது. பிஸ்டன் கீழே இறங்கும்போது, மூடிய அந்த வாசல் வழியாகக் காற்றை இழுத்தாக வேண்டும். இளநீர் குடிக்கும்போது ஸ்ட்ராவை இரண்டு விரலால் நசுக்கிப் பிடித்துக்கொண்டு உறிஞ்சிப் பாருங்கள், கன்னம் வலிக்கும். அந்த வலிதான் இன்ஜினுக்கும். அந்த இழுப்புக்கே எண்ணெய் செலவாகிறது. கூடவே பிஸ்டன் வளையம் சிலிண்டரில் உரசுவது, பேரிங் உராய்வு, எல்லா வால்வையும் தள்ளித் திறப்பது எல்லாம் வண்டி லேசாகப் போனாலும் பாரமாகப் போனாலும் ஏறக்குறைய ஒரே அளவு. பெரிய இன்ஜினில் இந்த நிலையான செலவு அதிகம்.

ஆக, இன்ஜினைச் சின்னதாக்கினால் அதே 10 குதிரைத்திறனைத் தர அது தன் பலத்தில் கூடுதல் பங்கைப் போட வேண்டியிருக்கும். த்ராட்டில் அகலமாகத் திறந்திருக்கும், உறிஞ்சும் கஷ்டம் குறையும், உரசும் பாகங்களும் குறைவு. எண்ணெய் மிச்சமாகும். இது பொய்யில்லை. லேசாக ஓட்டும்போது மட்டும் கிடைக்கும் மிச்சம் இது என்பதைத்தான் விற்கிறவர்கள் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்.

பாம்பன் துறையில் நிற்கும் விசைப்படகை நினைத்துப் பாருங்கள். கடலுக்குள் போய் மடியை, அதாவது இழுவை வலையை, இறக்கிவிட்டால் மணிக்கணக்கில் ஒரே பாரம், ஒரே வேகம். அந்த இன்ஜின் சும்மா ஓடும் நேரமே கிடையாது. அதனால் படகுக்காரர் மடி இழுக்கும் பாரத்தைக் கணக்குப் போட்டு, அதற்கு ஈடு கொடுக்கும் பெரிய இன்ஜினாக, மெதுவாகச் சுற்றுவதாகப் பார்த்து வாங்குகிறார். அங்கே போய் "சின்ன இன்ஜின் போடுங்கள், டீசல் மிச்சமாகும்" என்றால் கேட்பாரா? அவர் செய்வது சரியான கணக்கு. காரிலும் போட வேண்டியது அதே கணக்குதான். உங்கள் இன்ஜின் ஒரு நாளில் எத்தனை நேரம் பாரத்தோடு ஓடுகிறது, எத்தனை நேரம் லேசாக ஓடுகிறது என்பதுதான் அதற்கு விடை சொல்லும். சிசி எண்ணை மட்டும் பார்த்தால் பாதிதான் தெரியும்.

அப்படியானால் உலகம் முழுக்க ஏன் இன்ஜினைக் குறைத்துக்கொண்டே வந்தார்கள்? இதற்கு ஒரு பழைய கதை உண்டு. 1973இல் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தியதும் அமெரிக்காக்காரர்களுக்குப் பெட்ரோல் பங்கில் வரிசை. 1975இல் சட்டம் போட்டார்கள், கம்பெனி விற்கும் கார்கள் சராசரியாக இத்தனை மைல் கொடுத்தே ஆக வேண்டும் என்று. அந்த வருஷம் அங்கே விற்ற புது வண்டிகளின் சராசரி இன்ஜின் அளவு 4.8 லிட்டர். நம்ம கணக்கில் 4800 சிசி. மைலேஜ் நம்ம அளவில் லிட்டருக்கு 5.6 கிலோமீட்டர். பன்னிரண்டே வருஷத்தில், 1987இல், அது 9.4க்கு வந்துவிட்டது. இன்ஜின் குறைந்தது, வண்டியின் எடை குறைந்தது, பலன் கையில் கிடைத்தது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் கவனிக்க வேண்டியது. 2004இல் அந்தச் சராசரி 8.2க்கு இறங்கிவிட்டது. இன்ஜின் தொழில்நுட்பம் அந்தப் பதினேழு வருஷத்தில் பின்னால் போகவில்லை, முன்னால்தான் போனது. ஆனால் கிடைத்த ஆதாயத்தை எல்லாம் எடையிலும் குதிரைத்திறனிலும் போட்டுவிட்டார்கள். ஜனங்கள் காரை விட்டுவிட்டு எஸ்யூவிக்கும் பிக்கப்புக்கும் மாறினார்கள். மறுபடி சட்டம் இறுகி, 2023இல் 11.5க்கு ஏறியிருக்கிறது. 1975இல் சராசரி வண்டிக்கு 137 குதிரைத்திறன் இருந்தது, இன்றைக்கு ஏறத்தாழ இரண்டு மடங்கு. சின்ன இன்ஜினால் மிச்சமாகும் எண்ணெயைப் பெரிய வண்டி குடித்துவிடும். நம்ம ஊரிலும் இப்போது அதுதான் நடக்கிறது. இண்டிகா அளவு காரில் போன குடும்பம் உயரமான எஸ்யூவிக்கு மாறிவிட்டு, "சின்ன இன்ஜின்தானே அண்ணே, ஏன் மைலேஜ் இல்லை?" என்று என்னிடம் கேட்கிறது.

இனி நம்ம நாட்டுக் கதை. நம்ம கார்களில் அமெரிக்கா அளவுக்குப் பெரிய இன்ஜின் எப்போதுமே இல்லை. அம்பாசடர் 1489 சிசி, பத்மினி 1089 சிசி. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தபோது 796 சிசி, மூணு சிலிண்டர். நாம் பெரிதிலிருந்து சின்னதுக்கு வரவில்லை, சின்னதிலேயேதான் இருந்தோம். அப்புறம் ஏன் எல்லாக் காரிலும் 1197, 1199, 1493, 1497 என்று ஒரே மாதிரி எண்கள் வருகின்றன? பொறியாளர்கள் எல்லோருக்கும் ஒரே கனவு வந்ததா? காரணம் வரி. 2006 பட்ஜெட்டில், பக்கத்துச் சிவகங்கைத் தொகுதியின் எம்பியாக இருந்த ப. சிதம்பரம் நிதியமைச்சராக ஒரு வரி எழுதினார். 4 மீட்டர் நீளத்துக்குள், பெட்ரோல் என்றால் 1200 சிசிக்குள், டீசல் என்றால் 1500 சிசிக்குள் இருப்பது சின்னக் கார். அதற்கு கலால் வரி 24 சதவீதத்திலிருந்து 16 சதவீதம்.

அந்த ஒரு வரிதான் இன்றைக்கு ரோட்டில் ஓடும் கார்களின் உருவத்தையே தீர்மானித்தது. 2005இல் 1298 சிசியோடு வந்த ஸ்விஃப்ட் பெட்ரோல் 2010இல் 1197 ஆனது. டிசையரின் டிக்கியை 2012இல் நறுக்கி 4 மீட்டருக்குள் கொண்டுவந்தார்கள். மேலே சொன்ன பொலிரோவும் அதே காரணத்தால்தான் குறைந்தது. 2017இல் ஜிஎஸ்டி வந்தபோதும் அதே கோடு. 2025 செப்டம்பர் 22லிருந்து அந்தக் கோட்டுக்கு உள்ளே 18 சதவீதம், வெளியே 40 சதவீதம். இவ்வளவு வித்தியாசம் இருக்கும்போது எந்தக் கம்பெனிதான் 1250 சிசி பெட்ரோல் இன்ஜின் செய்யும்? 1250 சிசிதான் நமக்குப் பொருத்தம் என்று இன்ஜினே சொன்னாலும் செய்ய மாட்டார்கள்.

இன்னொரு உதாரணம். 2015 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் டெல்லிப் பகுதியில் 2000 சிசிக்கு மேற்பட்ட டீசல் கார்களைப் பதிவு செய்யத் தடை போட்டது. அடுத்த மாதமே மஹிந்திரா தன் 2179 சிசி இன்ஜினைக் குறைத்து 1990 சிசியில் ஒன்றைக் கொண்டுவந்தது. 2016 ஆகஸ்டில் தடை நீங்கியது. அந்த 189 சிசி குறைந்ததற்கும் மைலேஜுக்கும் என்ன சம்பந்தம்? ஆகவே இன்ஜின் அளவு குறைந்திருக்கிறது என்றால், ஏன் குறைந்தது என்று முதலில் கேட்க வேண்டும். பாதி நேரம் பதில் எண்ணெயில் இருக்காது, சட்டத்தில் இருக்கும்.

எண்ணெய் சம்பந்தப்பட்ட சட்டமும் உண்டு. 2017–18லிருந்து ஒவ்வொரு கம்பெனியும் விற்கும் கார்களின் சராசரிப் புகை, கிலோமீட்டருக்கு 130 கிராம் கரியமில வாயுவுக்குள் இருக்க வேண்டும். 2022–23லிருந்து 113 கிராம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கரியமில வாயு வரும். வகுத்துப் பார்த்தால் லிட்டருக்கு 20 கிலோமீட்டர் என்று வரும். அதையும் சோதனைக் கூடத்தில் காட்டினால் போதும்.

அந்தச் சோதனையைப் பற்றி விவரமாகச் சொல்ல வேண்டும். விளம்பரத்தில் போடும் மைலேஜ் ரோட்டில் ஓட்டி எடுத்தது இல்லை. உருளையின் மேல் வண்டியை நிறுத்தி, சுமார் இருபது நிமிஷம், ஒரு குறிப்பிட்ட அட்டவணைப்படி ஓட்டுவார்கள். சராசரி வேகம் 32 கிலோமீட்டர். அதிகபட்ச வேகம் 90. ஏசி போட மாட்டார்கள். முடுக்கமும் ரொம்ப மென்மையாக இருக்கும். அதாவது இன்ஜின் லேசாக ஓடும் நிலைதான் அதில் பெரும்பங்கு. சின்ன இன்ஜினுக்கு அதுதான் சொந்தக் களம், டர்போ விழிக்கவே வேண்டியதில்லை. பேப்பரில் எண் அழகாக வரும்.

ரோட்டில் என்ன ஆகிறது? டர்போ என்பது புகையின் வேகத்தில் சுற்றும் ஒரு விசிறி. அது காற்றை அமுக்கிச் சிலிண்டருக்குள் தள்ளும். காற்று அதிகம் போனால் பெட்ரோலும் அதற்கேற்ப அதிகம் போகும். 1000 சிசி இன்ஜினில் ஒன்றரை மடங்கு காற்றைத் திணித்தால் அந்த நேரத்துக்கு அது 1500 சிசி இன்ஜின் மாதிரிதான், குடிப்பதும் அப்படித்தான். இன்னும் இரண்டு கேடு உண்டு. அமுக்கிய காற்று சூடாகி நாக்கிங் (பெட்ரோல் நேரம் தவறி வெடித்துத் தட்டுவது) வரும் என்பதால் டர்போ பெட்ரோலில் கம்ப்ரஷனை, அதாவது பிஸ்டன் கலவையை அமுக்கும் விகிதத்தை, குறைத்து வைப்பார்கள். சாதாரண 1.2 லிட்டரில் 12க்கு 1 வைக்கிற இடத்தில் டர்போவில் 10க்கு 1. கம்ப்ரஷன் குறைந்தால் ஒவ்வொரு துளியிலும் கிடைக்கும் வேலை குறையும். அப்புறம், ரொம்ப மிதித்தால் டர்போவும் வால்வும் வெந்துவிடாமல் இருக்கத் தேவைக்கு மேல் பெட்ரோலை ஊற்றிக் குளிர்விக்கும் வழக்கமும் உண்டு. அந்தப் பெட்ரோல் வண்டியை ஒரு அடி நகர்த்தாது.

நான் சொல்வதை நம்ப வேண்டாம், ஒரே காரில் இரண்டு இன்ஜின் வரும் மாருதி ஃப்ராங்க்ஸைப் பாருங்கள். 1197 சிசி டர்போ இல்லாதது, 90 குதிரைத்திறன், மேனுவல் கியரில் சோதனை மைலேஜ் 21.79. 998 சிசி டர்போ, 100 குதிரைத்திறன், மேனுவல் கியரில் 21.5. சின்ன இன்ஜினுக்குச் சாதகமான அந்தச் சோதனையிலேயே 200 சிசி குறைந்தது தோற்றுவிட்டது. டர்போ நல்ல இன்ஜின்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன். 1000 சிசியில் 148 நியூட்டன் மீட்டர் டார்க் கிடைக்கிறது. ஓவர்டேக் பண்ணும்போது அந்தத் தெம்பு தெரியும். ஆனால் அது தெம்புக்கு வாங்கும் இன்ஜின். மிச்சத்துக்கு வாங்கினால் ஏமாற்றம்தான்.

ஐரோப்பாவிலும் இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டார்கள். 2012இல் ஃபோர்டு 999 சிசி மூணு சிலிண்டர் டர்போவைக் கொண்டுவந்தபோது மூன்று வருஷம் தொடர்ந்து சர்வதேச விருது. நம்ம மறைமலைநகர் தொழிற்சாலையில் செய்த ஈக்கோஸ்போர்ட்டிலும் 2013இல் அதே இன்ஜின் வந்தது. அற்புதமான வேலைப்பாடு, அதன் அடிப்பகுதி ஒரு ஏ4 தாளுக்குள் அடங்கும். ஆனால் 2017 செப்டம்பரிலிருந்து ஐரோப்பாவில் சோதனையை மாற்றி, கூடுதல் வேகம், கூடுதல் முடுக்கம் என்று நிஜ ரோட்டுக்குப் பக்கத்தில் கொண்டுவந்தார்கள். இன்னும் இன்னும் குறைப்போம் என்ற ஓட்டம் அந்தச் சமயத்தில் நின்றது. ஃபோக்ஸ்வாகன் தன் 1.4 லிட்டர் டர்போவை 1.5 ஆகப் பெரிதாக்கியது. லேசாகப் போகும்போது நாலு சிலிண்டரில் இரண்டை உறங்க வைக்கும் ஏற்பாட்டையும் அதில் வைத்தார்கள். அதே 1.5தான் குஷாக், டைகூன் கார்களில் இங்கே வருகிறது.

டொயோட்டா இதை முன்னாலேயே செய்துவிட்டது. பெட்ரோல் இன்ஜினும் மின் மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் ப்ரியஸ் ஹைபிரிட்டில் 1.5 லிட்டர் இன்ஜின் இருந்தது. 2009இல் அதை 1.8 ஆகக் கூட்டினார்கள். மைலேஜ் குறைந்திருக்க வேண்டுமே? அமெரிக்கக் கணக்கில் 46 மைலிலிருந்து 50 மைலுக்கு ஏறியது. நெடுஞ்சாலையில் பெரிய இன்ஜின் நிதானமாக, குறைந்த சுற்றில் அதே வேலையைச் செய்துவிடும். சுற்று குறைந்தால் உராய்வு குறைவு. மற்ற மாற்றங்களும் சேர்ந்துதான் அந்தப் பலன், ஆனாலும் பெரிதாக்கியது பாதகமாக இல்லை.

மாருதியும் ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறது. 2024 ஸ்விஃப்டில் சிசியைத் தொடவே இல்லை, அதே 1197. நாலு சிலிண்டரை மூணாக்கினார்கள். ஒரு பிஸ்டன், ஒரு செட் வால்வு, அவற்றின் உராய்வு எல்லாம் மிச்சம். குதிரைத்திறன் 89இலிருந்து 80க்கு இறங்கியது, மேனுவல் மைலேஜ் 22.38இலிருந்து 24.8க்கு ஏறியது. நிற்கும்போது ஸ்டியரிங்கில் லேசாக நடுக்கம் தெரியும், அதைப் பொறுத்துக்கொள்ளலாம். அளவைக் குறைக்காமலே உராய்வைக் குறைத்த இந்த வழிதான் எனக்கு மனதுக்குப் பிடித்தது.

இப்போது நம்ம ரோட்டுக்கு வருவோம். இராமநாதபுரம்–இராமேஸ்வரம் சுமார் 55 கிலோமீட்டர், அங்கிருந்து தனுஷ்கோடி ரோடு முடியும் அரிச்சல்முனை இன்னும் இருபதுக்கு மேல். மலை இல்லை, ஏற்றம் என்றால் பாம்பன் பாலத்தின் மேடு ஒன்றுதான். மேலோட்டமாகப் பார்த்தால் சின்ன இன்ஜினுக்கென்றே போட்ட ரோடு மாதிரி இருக்கும். ஆனால் நமக்கு மலைக்குப் பதில் காற்று இருக்கிறது. காற்று எதிர்ப்பு வேகத்தின் வர்க்கமாக ஏறும். 70 கிலோமீட்டரில் போகிறீர்கள், எதிரே 30 கிலோமீட்டர் காற்று அடிக்கிறது என்றால் வண்டிக்கு அது 100 கிலோமீட்டர் வேகம் மாதிரி. காற்றின் தள்ளுவிசை இரண்டு மடங்கு. டயர் உராய்வையும் சேர்த்துப் பார்த்தால் மொத்தத்தில் அறுபது சதவீதம் கூடுதல் பாரம். ஸ்பீடாமீட்டர் 70தான் காட்டும், இன்ஜினுக்கு மட்டும்தான் வித்தியாசம் தெரியும்.

கச்சான் என்னும் மேற்குப் பக்கக் காற்று வீசும் ஆனி, ஆடியில் இராமேஸ்வரம் போகும்போது காற்று முதுகில் தள்ளும், திரும்பும்போது முகத்தில் அடிக்கும். வடகிழக்கிலிருந்து வாடை வீசும் காலத்தில் அப்படியே மாறிவிடும். ஆடி அமாவாசைக்கு யாத்திரிகர்களை இறக்கிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்பியும் எண்ணெய் அதிகம் குடித்ததென்று, எண்ணெயைப் பீய்ச்சும் இன்ஜெக்டரைக் கழற்றிப் பார்க்கச் சொன்னவர்கள் இருக்கிறார்கள். இன்ஜெக்டரில் குறை இல்லை. உயரமான வண்டி, மேலே கேரியர், எதிர்க்காற்று. அந்தக் கேரியரைத் தேவையில்லாத நாளில் கழற்றி வையுங்கள் என்று சொல்லி அனுப்பினேன்.

அடுத்தது ஏசி. நம்ம வெயிலில் யாத்திரிகர்கள் ஏசி இல்லாமல் ஏற மாட்டார்கள். கம்ப்ரஸர் 3 குதிரைத்திறன் அளவுக்கு இழுக்கும். வண்டி ஓடவே 10தான் வேண்டும் என்று மேலே பார்த்தோம். அதோடு 3 என்றால் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு கூடுதல். சோதனையில் இல்லாத பாரம் இது, உங்களுக்கோ நாள் முழுக்க இருக்கும். கோயில் வாசலிலும் தனுஷ்கோடியிலும் ஏசியைப் போட்டுக்கொண்டு காத்திருந்தால் மணிக்கு முக்கால் லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை நின்ற இடத்திலேயே போய்விடும். கடற்காற்றின் உப்பு, முன்னால் இருந்து ஏசியின் சூட்டை வெளியேற்றும் கண்டன்ஸரை அரித்து, தூசும் சேர்ந்து அடைத்துக்கொண்டால் கம்ப்ரஸர் இன்னும் அதிக நேரம் ஓட வேண்டியிருக்கும். தனுஷ்கோடி போய் வந்த அன்றே நல்ல தண்ணீரில், மெதுவான அழுத்தத்தில், முன்பக்கம் கண்டன்ஸரையும் அடிப்பக்கத்தையும் கழுவிவிடுங்கள். டர்போ வண்டி என்றால் அமுக்கிய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரும் அங்கேதான் இருக்கும், அதற்கும் அதே உப்புதான்.

பெட்ரோலில் இப்போது 20 சதவீதம் எத்தனால். எத்தனாலின் சூடு பெட்ரோலில் மூன்றில் இரண்டு பங்குதான். அதனால் ஒரு லிட்டரில் உள்ள சக்தி, கலப்பில்லாத பெட்ரோலைவிட ஆறேழு சதவீதம் குறைவு. பழைய வண்டியோடு ஒப்பிடும்போது இதையும் கழித்துக்கொள்ளுங்கள். புது இன்ஜின்மேல் பழி போட வேண்டாம்.

டீசலைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். டீசல் இன்ஜினில் காற்றை அடைக்கும் வேலை இல்லை, அதனால் லேசாக ஓடும்போதும் வீணாக்காது. அம்பாசடரும் இண்டிகாவும் உங்கள் அப்பாவுக்குச் சோறு போட்டதன் ரகசியம் அதுதான். ஆனால் 2020 ஏப்ரலில் பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்ததிலிருந்து டீசல் காரின் புகைக்குழாயில் கரியைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கிறது. அது நிரம்பியதும் வண்டி நல்ல வேகத்தில் தொடர்ந்து கொஞ்ச நேரம் ஓடினால்தான் கரி எரிந்து சுத்தமாகும். தங்கச்சிமடம், இராமேஸ்வரம், கோயில், ரயில்வே ஸ்டேஷன் என்று ஐந்து, பத்து கிலோமீட்டராக ஓட்டுபவருக்கு அது அடைத்துக்கொள்ளும். விளக்கு எரிந்த பிறகும் ஓட்டிக்கொண்டு வந்து, பெரிய செலவில் மாட்டியவர்களைப் பார்த்து மனசு கஷ்டப்பட்டிருக்கிறேன். வாரத்தில் நாலைந்து நாள் மதுரை விமான நிலையம் ஓட்டம் உறுதியாக இருந்தால் மட்டும் டீசலை யோசியுங்கள்.

உங்கள் ஓட்டத்தை நீங்களே எழுதியிருந்தீர்கள். மாதத்தில் இருபது நாள் தீவுக்குள்ளும் தனுஷ்கோடிக்கும், நாலைந்து முறை மதுரை. பெரும்பாலும் நாலு பேர், சாமான், தீர்த்தக் கேன். இதற்கு என் பதில் டர்போ இல்லாத 1.2 லிட்டர் பெட்ரோல். ஐந்து பேர் வரை அது திணறாது, லேசாக ஓடும்போது வீணாக்காது, டர்போவும் இன்டர்கூலரும் இல்லாததால் உப்புக்கு இரையாகும் சாமான் குறைவு. 800 அல்லது 1000 சிசி சாதாரண இன்ஜின் வேண்டாம். ஆள் நிறைந்து, ஏசி போட்டு, எதிர்க்காற்றில் அது கத்திக்கொண்டே ஓடும், ஒரு கியர் கீழேயே பிடித்து ஓட்ட வேண்டும். சேமித்ததெல்லாம் அங்கே போய்விடும்.

ஏழு பேர் குடும்பங்கள்தான் அதிகம் வருகிறார்கள் என்றால் எர்டிகா மாதிரி 1462 சிசி வண்டி. ஏழு பேரை ஏற்றிக்கொண்டு 1.2ஐ வதைப்பதைவிட 1.5ஐ நிம்மதியாக ஓட்டுவது எண்ணெய்க்கும் நல்லது, இன்ஜினுக்கும் நல்லது. சிஎன்ஜியில் அதற்குக் கிலோவுக்கு 26.11 கிலோமீட்டர் என்று சோதனை எண். டிக்கியைச் சிலிண்டர் பிடித்துக்கொள்ளும் என்பதால் சாமானுக்கு என்ன வழி என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

எதை எடுத்தாலும் மதுரை–பரமக்குடி நாலு வழிச் சாலையில் 110ஐப் பிடிக்காமல் 90இல் போங்கள். காற்று எதிர்ப்பில் மட்டும் ஒன்றரை மடங்கு வித்தியாசம். சிசியில் 200ஐக் கூட்டிக் குறைத்துக் கிடைப்பதைவிட இது பெரிய மிச்சம், இன்றைக்கே கிடைப்பது.

வாங்கும் முன் ஒரு வேலை செய்யுங்கள். நீங்கள் நினைத்திருக்கும் வண்டியை ஏற்கெனவே ஓட்டுகிற ஆளைப் பிடியுங்கள், தீவிலேயே நாலு பேர் கிடைப்பார்கள். இராமநாதபுரத்தில் ஒரு பங்கில் டேங்கை நிரப்பி, தானாக நிற்கும் இடத்தோடு நிறுத்திவிடுங்கள், மேலே திணிக்க வேண்டாம். நாலு பேர், ஏசி போட்டு, அரிச்சல்முனை வரை போய்த் திரும்பி, அதே பங்கில், அதே குழாயில் மறுபடி நிரப்புங்கள். சுமார் 150 கிலோமீட்டர் ஆகியிருக்கும். ஓடிய தூரத்தை நிரம்பிய லிட்டரால் வகுங்கள். போகும் வழியில் மட்டும் எடுத்தால் காற்று பொய் சொல்லிவிடும், போய்வந்து எடுத்தால்தான் இரண்டு பக்கக் காற்றும் கணக்கில் வரும். வண்டியின் திரையில் காட்டும் எண்ணை நம்ப வேண்டாம், பெரும்பாலும் அது கொஞ்சம் கூட்டித்தான் சொல்லும். 1.2இலும் டர்போவிலும் இப்படி ஒவ்வொரு நாள் எடுத்துவிட்டு எண்களை எனக்கு எழுதுங்கள். எந்த மாதம் எடுத்தீர்கள், எத்தனை பேர் இருந்தார்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.